பதினாலு வயதுக்காரன் போட்ட மார்க்

அலமாரியைத் துடைக்கும்போது ‘எரகன்’ அகப்பட்டது. பதினாலு வயதில் சோறு தண்ணீர் மறந்து படித்த புத்தகம். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தேன்.

மறுபடி புரட்டினேன். நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூக்கு விடைத்துக்கொண்டது. மாமா வீட்டில் வளரும் பையன், தாடிக்காரக் குரு, பழைய வாள்... ‘ஸ்டார் வார்ஸ்’ தொழுவத்தில் டிராகனைக் கட்டியிருக்கிறாரே! ஐந்துக்கு இரண்டு என்று முடிவுகட்டிய பிறகுதான் உறைத்தது: கிறிஸ்டோபர் பாவோலினி இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 2002-இல் குடும்பமே சேர்ந்து அச்சிட்டு விற்ற நாவல். அந்த வயதில் நான் எழுதிய ஒரே புனைகதை, லீவ் லெட்டர்.

சின்ன வயதுச் சட்டையை மாட்டிப் பார்த்துவிட்டு டெய்லரைத் திட்டுகிற வியாதி இது. ‘ஹாரி பாட்டர்’ கதையில் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் மூன்றாம் மாடியில் மூன்று தலை நாயைக் கண்டு சிலிர்த்த நாமே இன்று, பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதை யார் அனுமதித்தது என்கிறோம்.

‘ட்வைலைட்’ மட்டும் வேறு கணக்கு. அதன் நாயகனான ரத்தக்காட்டேரி எட்வர்ட் 1901-இல் பிறந்தவர். நூறு வயது தாண்டியும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து பதினேழு வயதுப் பெண்ணைப் பார்க்கிறார். அன்று காதலாகத் தெரிந்தது. இன்று ஹெட்மாஸ்டரைத் தேடத் தோன்றுகிறது.

பென்சில் ஐந்தை அழிக்கவில்லை. பக்கத்தில் பேனாவால் மூன்று போட்டுவைத்தேன். எட்வர்டுக்கு ஒன்றும் கிடையாது.