பஞ்சும் பஞ்சமும்

பொருளாதாரம் படுத்துவிடும், பொருள் கிடைக்காது என்கிறார்களே! தங்கம் வாங்கட்டுமா, அரிசி மூட்டை அடுக்கட்டுமா?
— வாசகர், சென்னிமலை

படுத்தால் போர்த்த உங்கள் ஊரிலேயே நெய்த போர்வை இருக்கிறதே!

பஞ்சத்துக்கு அஞ்சும் முன் பஞ்சைப் பாருங்கள். உலகப்போர் நடந்த 1941-இல் எம்.பி. நாச்சிமுத்து உங்கள் ஊரில் மூட்டை அடுக்கவில்லை. தறிக்காரர்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். அதுதான் சென்டெக்ஸ். இத்தகைய சங்கங்களுக்கான கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் போட, 4 காசு அரசு சேர்க்கும். காசு சிறிதுதான், ஆனால் கூலி வரும்போதே பிடித்துவிடுவதால் கை வைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அது சரி, உங்கள் வீட்டில் தறி உண்டா? இருந்தால் ஓடுகிறதா, நின்றுவிட்டதா? எனக்கு அரிசி மூட்டையைவிட அதுதான் கவலை. எழுதுங்கள்.