உப்புக் காற்றும் ரிமோட் சாவியும்

தூத்துக்குடியில் கார் ரிமோட் மக்கர் செய்தால், முதல் வைத்தியம் பொத்தானை இன்னும் பலமாக அழுத்துவது. 433 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு விரல் வலிமை தெரியாது. ஆனாலும் முயற்சி திருவினையாக்கும். இரண்டாவது, ரிமோட்டை மோவாயில் வைத்து அழுத்துவது. தலைக்குள் உள்ள நீர் அலைக்குத் துணை நிற்பதால் எட்டும் தூரம் உண்மையிலேயே கூடும். தலையின் பயன் இவ்வாறு நிரூபணமாகிறது. மூன்றாவது, 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றி, உப்பளக் காற்றில் பச்சை பூத்த தகட்டைச் சுரண்டுவது. இதற்கும் மசியாவிட்டால், 1961-உடன் இந்தக் கடலில் நின்றுபோன முத்துக்குளிப்பைக் கரையிலேயே தொடரலாம்: ரிமோட்டின் ஓட்டைப் பிளந்தால் உள்ளே இரும்புச் சாவி கிடைக்கும். கதவு உடனே திறக்கும். திருடன் வந்துவிட்டதாகச் சில கார்கள் ஊரைக் கூட்டும். அலறலை நிறுத்தும் பொத்தான் ரிமோட்டில் உள்ளது.