சாணம் போட்டது யார்?

எங்கள் தெருவில் ராத்திரியானால் மாடுகள் படுத்துக்கொள்கின்றன. இதைப் பற்றி மனு எழுதினேன். நாலைந்து வாக்கியமாக எழுதினால், இரண்டாவதைப் படிப்பதற்குள் அலுவலகத்துக்கு டீ வந்துவிடும். அதனால் முழுக் குறையையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தேன்:

“எங்கள் தெருவில் மாடுகள் இரவு முழுவதும் நடுரோட்டில் படுத்து, நானும் என் மனைவியும் விரட்டியும் நகராமல் வழிமறித்து, கண்ட இடத்தில் சாணம் போட்டு, ஸ்கூட்டர்கள் வழுக்கி விழுந்து, மிகவும் சிரமப்படுகிறோம்.”

திருநெல்வேலியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மையும் வந்திருந்தார்கள். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனுவை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏல, நீயும் உன் பொண்டாட்டியுமா ரோட்டுல படுத்திருக்கிய?”

“மாடு, பெரியப்பா.”

“மாடுன்னா ‘சிரமப்படுகின்றன’ன்னுல்லா முடிஞ்சிருக்கணும்? நீ ‘சிரமப்படுகிறோம்’னு முடிச்சிருக்க. அப்பம் படுத்தது நீங்க, வழிமறிச்சது நீங்க, சாணம்…”

என் மனைவி அவசர வேலை வந்ததுபோல உள்ளறைக்குள் போனாள். அங்கிருந்து வந்தது இருமல் இல்லை.

படுத்து, மறித்து, போட்டு என்பவையெல்லாம் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். கடைசியில் வரும் வினைமுற்றை யார் செய்கிறாரோ, அவரேதான் இவற்றையும் செய்திருக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து இருக்கும் விதி. அந்த விதிப்படி நாங்கள் இரண்டு பேரும் செய்த காரியங்களை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு, கையெழுத்தும் போட்டிருந்தேன்.

சும்மா விடவில்லை நான். “மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோமே? பெய்தது மழை, நிறைந்தது குளம். அதை மட்டும் ஏன் விடுகிறீர்கள்?”

“மழையாலதான் குளம் நெறஞ்சிது. காரணமும் காரியமுமா ஒட்டி நிக்கி. அதனால இலக்கணம் விட்டுக்கொடுக்கும். நீ மாட்டோட நிறுத்தியிருந்தா நானும் விட்டிருப்பேன். நடுவுல ஸ்கூட்டர வேற கொண்டாந்து போட்டிருக்கியே!”

வாக்கியம் நீண்டதுதான் குற்றம் என்று நினைத்தேன். பள்ளியில் ஆங்கில வாத்தியார், தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை வெறும் கமா போட்டு ஒட்டினால் சிவப்பு மையால் சுழிப்பார். ஒட்டு சரியில்லை என்பதுதான் அவர் சொன்னது. நீளம் கூடாது என்று எனக்குக் கேட்டது. அன்று பிடித்த பயம்.

அதைச் சொன்னதும், நீளம் குற்றமே இல்லை என்று பெரியப்பா தலையை ஆட்டினார். பல பாட்டுகள் சேர்ந்து கடைசியில் ஒரே முற்றுக்கு வந்து நின்றால் அதற்குக் குளகம் என்று தண்டியலங்காரம் பெயரே வைத்திருக்கிறது. ஓலைச்சுவடியில் கமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது என்று படிப்பவனுக்குத் தெரியும். எங்கோ கிடக்கும் சொல்லை வேறெங்கோ இருக்கும் சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்ல உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கையில் ‘மாட்டு’ என்று ஓர் உத்தி இருந்தது. மாட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது வேறு மாட்டு.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மை மூச்சிரைக்க உள்ளே வந்தாள். “எங்கே போனீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“கோயிலுக்குப் போயி, சாமியக் கும்பிட்டு, வெளிய வந்து, பூக்காரி சொன்ன வெலையக் கேட்டு, மலைச்சிப்போயி, அவகிட்ட அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசில அவ சொன்ன வெலைக்கே வாங்கி, தலைல வெச்சிக்கிட்டு, எதுத்த வீட்டுக்காரிகிட்ட அவ மக கல்யாணத்தப் பத்தி விசாரிச்சி, அடுப்புல பால வெச்சிட்டு வந்தத அப்பத்தான் நெனச்சி, விழுந்தடிச்சி ஓடியாந்தேன்.”

பால் அதற்குள் பொங்கி, வழிந்து, அடுப்பையும் அணைத்து முடித்திருந்தது. பெரியப்பாவுக்குப் பால் முக்கியமில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டு எச்சம், ஒரே முற்று! பூக்காரி வந்தா, எதுத்த வீட்டுக்காரி வந்தா. ஒருத்தியாவது இவ முற்றுல கை வெச்சாளா? போனதும் இவ, ஓடியாந்ததும் இவ. மூணாங்கிளாஸ் படிச்சவ!”

பட்டம் வாங்கிய நான் மனுவைத் திருத்தினேன். நீளத்தைக் குறைக்கவில்லை, அவரவர் வேலையை அவரவரிடமே கொடுத்தேன்: “எங்கள் தெருவில் இரவு முழுவதும் படுத்து வழிமறிக்கும் மாடுகளாலும், அவை போடும் சாணத்தில் ஸ்கூட்டர்கள் வழுக்கி விழுவதாலும், நாங்கள் மிகவும் சிரமப்படுகிறோம்.” சாணம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நானே போன் போட்டுப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்:

“தங்கள் மனு பெறப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, பரிசீலிக்கப்பட்டு, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.”

“அடடா! எழுவாய் ஒண்ணு, எச்சம் மூணு, முற்று ஒண்ணு. அப்பழுக்கில்லாத வாக்கியம்ல.”

“மாடு இன்னும் அங்கேயேதான் படுத்திருக்கு, பெரியப்பா.”

“நல்லாப் பாருல. எழுவாய் எது? மனு. பெறப்பட்டது மனு, பதிவானது மனு, அனுப்பப்பட்டது மனு. எல்லாம் மனுவுக்குத்தான் நடந்திருக்கு. மாட்டுக்கு என்னமும் நடந்ததா அவங்க எங்கயாவது எழுதியிருக்காங்களா?”