குற்றவதிகாரம்: வீட்டு ஸ்டவுட்டுக்கு ஓர் உரை

1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், அமெரிக்கர் தம் வீட்டுக்கெனக் காய்ச்சும் பியருக்கு மத்திய அரசு வரியிலிருந்து விலக்களித்தது. சுவைக் குற்றத்திலிருந்து விலக்களிக்கவில்லை. ஆகவே இவ்வதிகாரம் வேண்டுவதாயிற்று.

குற்றமாவது, காய்ச்சியவர் கருதாத சுவை குவளையில் வந்து நிற்பது. வெளிர்நிற பியரில் அது வெட்டவெளியில் நிற்கும். ஸ்டவுட், போர்ட்டர் முதலிய கறுப்பு வகைகளில் வறுத்த பார்லியின் முக்காட்டுக்குள் நிற்கும். அது பிறவி, வளர்ப்பு, வாய் என மூவகைப்படும்.

பிறவிக் குற்றம் நீரிலும் தானியத்திலும் தோன்றுவது. கருக வறுத்த தானியம் ஊறலைப் புளிப்பாக்கும். டப்ளின் நீரில் பைகார்பனேட் மிகுதி. அது அப்புளிப்பை ஈடுகட்டியதால் அவ்வூர் ஸ்டவுட்டுக்குப் பேர்பெற்றது. மென்னீர் ஊரார் அதே கணக்கில் கறுப்புத் தானியம் போட்டால் சுள்ளென்று குத்தும் மெலிந்த பியரே கிட்டும். சக்கையைக் கழுவும் நீர் 77 டிகிரிக்கு மேல் போனால் உமியின் துவர்ப்பும் கூடவே இறங்கும். இனி, ஆஸ்பத்திரி வாடை: குழாய்நீரின் குளோரினை நீக்காததால் வருவது. அதை நீக்க 19 லிட்டருக்குக் கால் காம்ப்டன் மாத்திரை போதும். ஆயினும் பலர் போடார்.

வளர்ப்புக் குற்றம் ஈஸ்டைச் சார்ந்தது. பச்சை ஆப்பிள் மணந்தால் அசிட்டால்டிஹைடு. பெரும்பாலும் காய்ச்சியவரின் அவசரம். வாழைப்பழம் மணந்தால் நொதிக்கையில் சூடு மிகுந்தது. வெண்ணெய் மணந்தால் டைஅசிட்டைல். இரண்டு மூன்று நாள் இளஞ்சூட்டில் விட்டால் ஈஸ்ட் தானே அதைத் தின்றுவிடும். ஆனால் வறுத்த மால்ட்டோடு வெண்ணெய் சேர்ந்தால் டாஃபிச் சுவை வரும், குடிப்பவர் புகழ்வார். புகழப்பட்ட குற்றமும் குற்றமோ எனின், ஆம். புகழ் ஈஸ்டுக்கு உரியதன்று.

வாய்க் குற்றம் மட்டும் குவளையில் இல்லை, காய்ச்சியவர் வாயில் உண்டு. மூன்றனுள் இதுவே பெரிது. காடியாகிவிட்ட பியரை நீட்டி, "பழைய லண்டன் போர்ட்டர் இப்படித்தான் இருக்கும்" என்பார். சங்கடம் என்னவெனில், அவர் கூற்றில் கொஞ்சம் மெய்யும் உண்டு. அக்காலப் போர்ட்டர் பெருந்தொட்டிகளில் மாதக்கணக்கில் முதிர்ந்தது. முதிர்ந்த ஆங்கில பியர்களுக்கு அவற்றின் தனிமணத்தைத் தந்த ஈஸ்டுக்கு 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் பிரெட்டனோமைசிஸ் எனப் பெயரிட்டார். எனவே தோல், குதிரைலாயம் ஆகிய வாடைகளுக்கு அந்தப் பரம்பரையைச் சொல்லி வழக்காடலாம். மூடி பொருந்தாத பிளாஸ்டிக் வாளியில் காற்று புகுந்து, அசிட்டிக் பாக்டீரியா சமைத்த காடிக்கு வழக்காட இயலாது. இவ்வாறே நனைந்த அட்டைப்பெட்டிச் சுவையை "முதிர்ச்சி" என்பாரும், செத்த ஈஸ்ட் கரைந்து வந்த சோயா சாஸ் சுவையை "ஆழம்" என்பாரும் உளர்.

சான்று கொள்ளுமிடத்து, இலவசமாகக் குடித்த நண்பர் சாட்சியைக் கொள்ளற்க. அவருக்கு அடுத்த பாட்டில் மேல் கண். மூடிய சீசாவில் கொஞ்சம் பியரை 60 டிகிரி வெந்நீரில் கால்மணி நேரம் வைத்து, ஆற்றி, சூடாக்காததோடு ஒப்பிட்டு மோந்து பார்க்க. வெண்ணெய் மணந்தால் பாட்டிலில் அடைக்கற்க. அடைத்த பின் இதைப் படிப்பவர் மூன்றாம் வகைக்குச் சென்று தக்க சொல்லொன்றைத் தேர்ந்துகொள்க.