சிமென்ட் ஊரில் சொட்டும் மாடி

சிமென்ட் ஆலையைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் சங்ககிரியில் மாடி ஒழுகினால், அது சிமென்ட் பஞ்சத்தால் அல்ல. பழைய தளத்தோடு புதிய பால்கனியை ஒட்டவைத்தால் இரண்டும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. சேருமிடத்தில் முடியளவு கீறல் விழுகிறது. போதாக்குறைக்கு, கைப்பிடிக் கம்பிக்காகத் தட்டோட்டைத் துளைத்து, வாட்டத்தையும் வீட்டுப்பக்கம் திருப்பிவிடுகிறோம். ‘நம்ம ஊர்ல மழையே அபூர்வம்’ என்பார்கள். கீறலுக்கு ஆண்டுச் சராசரி தெரியாது. ஐப்பசியில் ஓர் இரவு போதும். ‘மேலே கெமிக்கல் பூசிவிடலாம்’ என்பது அடுத்த வாதம். பூச்சு கீறலை மூடும், வாட்டத்தைத் திருத்தாது. சங்ககிரி மலைக்கோட்டையில் சுனைநீரைத் தேக்கியது குடிப்பதற்கு. நாம் தேக்குவது படுக்கையறைக்கு மேலே. பாத்தி கட்டி 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கேது நேரம்? கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சாகிவிட்டதே!