75 அடிக் கதவு

ஆட்டோகேடில் வீட்டு பிளான் போட்டுப் பிழைக்கிறவன் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகளை "யூனிட்டைப் பார்த்தியாப்பா?" என்று அதட்டும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். இஞ்ச் கணக்கில் வரைந்துகொண்டிருந்த பிளானில், ஒரு பழைய கோப்பிலிருந்து கதவு பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். அது ஹாலைத் தாண்டி, கிச்சனைத் தாண்டி, பக்கத்து மனைக்குள் போய் நின்றது. அளந்து பார்த்தால் 75 அடி! உண்மையில் அது 900 மில்லிமீட்டர் கதவு. மென்பொருளுக்கு 900 என்ற எண் மட்டும்தான் தெரியும். இரண்டு கோப்பிலும் யூனிட் எதையும் குறிக்காமல் விட்டிருந்ததால் என் பிளானில் அது 900 இஞ்ச் ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன்? மவுஸை இழுத்து இழுத்து, சுவர் இடைவெளியில் அடங்கும்வரை கதவைக் கண்மதிப்பில் சுருக்கினேன். உப்புப் போடக் கண்மதிப்பு போதும், கதவுக்குப் போதாது.

அடுத்த தப்பு இதைவிட அசட்டுத்தனமானது. வேறொரு அலுவலகத்திலிருந்து மில்லிமீட்டரில் வரைந்த கோப்பு வந்தது. 'யூனிட்ஸ்' பெட்டியைத் திறந்து, மில்லிமீட்டரை இஞ்சாக மாற்றி, ஓகே அழுத்தி, "சார், மாத்திட்டேன்" என்று எழுந்துவிட்டேன். அந்தப் பெட்டி, இனி வெளியிலிருந்து உள்ளே வரும் பிளாக்குகளை எந்த அளவில் எடுத்துக்கொள்வது என்று பார்க்குமே தவிர, ஏற்கெனவே வரைந்த கோடு ஒன்றையும் அசைக்காது. அரிசி டப்பாவில் 'பருப்பு' என்று சீட்டு ஒட்டிவிட்டு சாம்பார் வைக்கப் போனவன் கதைதான். சார் திறந்து பார்த்தபோது படுக்கையறை நீளம் 250 அடி. "இதுல யாருப்பா படுக்கப் போறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நம் ஊரில் ஒரே வீட்டுக்குப் பத்திரத்தில் சென்ட், அப்ரூவலுக்கு மீட்டர், மேஸ்திரிக்கு அடி. டைல்ஸ் கடையில் ரெண்டுக்கு ரெண்டு என்று கேட்டால் 600க்கு 600 மில்லிமீட்டர் எடுத்துத் தருவார்கள். அது 2 அடிக்கு 9.6 மில்லிமீட்டர் குறைவு என்று யாரும் சண்டை போடுவதில்லை. இப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஆனால் அடுத்த தப்பை எந்த ஊர் வழக்கத்தின் தலையிலும் கட்ட முடியாது.

மில்லிமீட்டர் கோப்பு ஒன்றை இஞ்சாக்க வேண்டும். இந்த முறை உஷாராக முழு வரைபடத்தையும் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் கட்டளை கொடுத்து, 0.0394 என்று அடித்தேன். 1 இஞ்ச் என்பது கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் 25.4 மில்லிமீட்டர், 1959-லேயே முடிவான கணக்கு. 1-ஐ அதால் வகுத்தால் 0.03937 என்று தசமம் நீண்டுகொண்டே போகும். நான் நாலு தசமத்தோடு நிறுத்திக்கொண்டேன். 12,192 மில்லிமீட்டர் சுவர், அதாவது சரியாக 40 அடி, பிரிண்ட்டில் 40 அடி 3/8 இஞ்ச் என்று வந்தது. நம் கணக்கில் 3 நூல்.

மேஸ்திரி காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, நாங்க நூல் பிடிச்சுக் கட்டுறவங்கதான். அதுக்காக 40 அடிச் சுவத்துல 3 நூல் மிச்சம் வச்சு அனுப்புனா, அந்தச் செங்கல்ல எதால சீவுறது?" சித்தாள்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் ஸ்கேல் கட்டளைக்குள் 'ரெஃபரன்ஸ்' என்று ஒன்று இருப்பதைக் கற்றுக்கொண்டேன். முதலில் 25.4, பிறகு 1 என்று கொடுத்தால் வகுத்தலை அதுவே பார்த்துக்கொள்ளும். அல்லது அளவு தெரிந்த ஒரு சுவரின் இரண்டு முனைகளைத் தொட்டு, அதன் நிஜ நீளத்தை அடித்தால் மற்றதெல்லாம் அதே விகிதத்தில் ஒழுங்குக்கு வரும்.

வித்தை கைவந்த மிதப்பில் அடுத்த கோப்பையும் கெடுத்தேன். ஒரு சுவரில் 12 அடி என்று எழுதியிருந்தது. அதை நம்பி மொத்தத்தையும் ஸ்கேல் செய்தேன். யாரோ ஒரு புண்ணியவான் 11 அடி 6 இஞ்ச் சுவரை வரைந்துவிட்டு, திருத்த நேரமில்லாமல் டைமன்ஷனில் 12 என்று கையால் அடித்து வைத்திருந்தார். 3 அடிக் கதவெல்லாம் 3 அடி ஒன்றரை இஞ்ச் ஆன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. இப்போது இரண்டு இடத்திலாவது அளந்து பார்க்காமல் கைவைப்பதில்லை. அதில் ஒன்று எப்போதும் கதவு.

எனக்குக் கோப்பு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் "பிளான் அனுப்பிட்டேன்" என்று போடும்போது, வாசல் கதவின் அகலம் இவ்வளவு, இந்த யூனிட்டில் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கோட்டை விட்டால் மேஸ்திரி பார்த்துக்கொள்வார்.