இடுப்பில பெட்டி, நெஞ்சில புதையல்

மருமகனே, கொஞ்சம் குந்து. நீ மெட்டல் டிடெக்டர் வாங்கின சேதி மேல் டிவிசன், கீழ் டிவிசன் எல்லாம் பரவிருச்சு. கை வலிக்குதாம், மெஷினோட கன்ட்ரோல் பெட்டியைக் கழட்டி இடுப்பில கட்டப்போறியாம், அதுக்காகக் கொயில் வயரை வெட்டி ஒரு மீட்டர் நீட்டப்போறியாம். நல்ல யோசனைதான். நம்ம பொம்பளைக கொழுந்துக் கூடையைக் கையில தூக்கிக்கிட்டா ஆயுறாங்க? கயித்தைத் தலையில போட்டுப் பாரத்தை முதுகில விட்டாத்தான் ரெண்டு கையும் வேலை செய்யும். இந்தப் புத்தி உனக்கு இப்பவாவது வந்துச்சே!

வெள்ளைக்காரனும் இதைச் செய்றான். மைன்லேப் ஜீபீஎக்ஸ் டிடெக்டர் சிலதுக்குப் பேட்டரியை முதுகுப் பட்டியில மாட்டி, அங்கயிருந்து வயர் இழுத்துத்தான் பாவிக்கிறான். ஆனா அவன் இழுத்தது பேட்டரி வயர். நீ நீட்டப்போறது கொயில் வயர். அங்கதான் வில்லங்கம்.

பேட்டரி வயர்ல போறது வெறும் கரண்டு. கொயிலுக்குள்ள பெரும்பாலும் ரெண்டு சுத்து இருக்கு. ஒண்ணு மண்ணுக்குள்ள அலையை அனுப்பும். மத்தது திரும்பி வர்ற துளியைக் கேட்கும். நீ பாட்டுக்குக் கெடச்ச ஸ்பீக்கர் வயரை முறுக்கி ஒட்டினா, அனுப்புறது கேட்குறதுக்குள்ள ஒழுகிரும். அப்புறம் மெஷின் நீ கேட்காமலே பேசும், உன் மாமியா மாதிரியே. அதனால வலை சுத்தின சீல்டு வயர் வேணும். அனுப்புற சோடி தனி, கேட்குற சோடி தனி. எந்தப் பின்னுல இருந்து வந்துச்சோ அதே பின்னுக்குத்தான் போகணும், வலையும் சேர்த்து.

அதோட வயருக்குள்ள ஒரு கொண்டென்சர் ஒளிஞ்சிருக்கு. சாதாரண கோஆக்சியல் வயர்ல மீட்டருக்கு 50 தொடங்கி 100 பைக்கோஃபாரட் வரை வரும். அது கூடினா கொயிலோட சுருதி விலகும். பல்ஸ் அடிக்கிற மெஷின்னா அடிச்ச அடி அடங்கவே நேரமாகும். அந்த நேரத்துக்குள்ள சின்னத் தங்கத்தோட சத்தம் செத்துப்போகும். ஆகவே நீளம் தேவைக்கு மேல ஒரு சாணும் வேணாம். கொயில் வயரை வெட்டவும் வேணாம். ஒரு முனையில பிளக்கும் மறு முனையில சொக்கட்டும் வச்சுத் தனி வயர் செஞ்சுக்க. பிழைச்சா கழட்டி வீசலாம். வயரைத் தண்டில இறுக்கிச் சுத்து. ஆடுற வயர் பொய்ச் சத்தம் போடும். முடிச்சதும் ஒரு பத்து ரூபா குத்தியை வச்சுப் பாரு. நீட்டுறதுக்கு முன்னாடி எத்தனை அங்குலத்துல கத்துச்சோ, பின்னாடியும் அத்தனையில கத்தணும்.

இடுப்பில பெட்டி மட்டும் இருக்கட்டும். கவ்வாத்துக் கத்தியைச் சொருகிக்கிட்டு வந்து, கொயிலை அதுக்குக் கிட்டக் கொண்டுபோகாத. டெலிபோன் கண்ட கிரஹாம் பெல்லே 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டோட உடம்புல இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட ஒரு மெஷின் கொண்டுபோனாரு. கட்டில்ல இருந்த ஸ்பிரிங் கம்பி குழப்பிவிட்டுருச்சு, குண்டு அகப்படலை. பெல்லுக்கே அந்தக் கதின்னா உன் பெல்ட் பக்கிள் என்னா செய்யும்னு யோசி.

சரி, இப்ப காதைக் கிட்டக் கொண்டா. எதைத் தேடப்போற? கண்டி ராசா புதையலா? அவரு 1815ல அகப்பட்டது மெதமகாநுவரப் பக்கம்; அப்புறம் வெள்ளைக்காரங்க அவரைக் கப்பல் ஏத்தி வேலூருக்கு அனுப்பிட்டாங்க. போற அவசரத்துல உன் லயத்துக் கோடியில வந்து பொன்னைப் பொதச்சிட்டா போனாரு? அதுக்கப்புறம் கோப்பி, தேயிலைன்னு நம்ம பூட்டன் காலத்துல இருந்து மம்பட்டி போடாத மண்ணு இந்த மலையில ஏது? தேயிலைத் தூருக்கடியில தேங்காயும் மாசியும் இருக்குன்னு கங்காணி சொன்னதை நம்பித்தான் நம்ம பூட்டன்மாரு கடல் தாண்டினாங்க. தோண்டித் தோண்டிப் பாத்துட்டாங்கப்பா. அட்டைதான் கடிச்சுச்சு.

ரயில் ரோட்டுப் பக்கம் போகலாம்னு பாக்குறியா? உடப்புசல்லாவை லைன்னு பேரு வச்சு நானுஓயாவுல இருந்து இழுத்தாங்க, ராகலையோட நிப்பாட்டிட்டாங்க. ரெண்டரை அடி அகலத் தண்டவாளமா இருந்துச்சு. அந்தப் பக்கம் போனா உன் மெஷின் நல்லாக் கத்தும். தோண்டினா துருப்பிடிச்ச ஆணி வரும்.

பேப்பர் படிக்கிறியா? புதையல் தோண்டினவங்க கைது, ஸ்கேனர் மெஷின் பறிமுதல்னு அடிக்கடி போடுறான். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு. மண்ணுக்குள்ள கிடக்குற தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். தொல்பொருள் திணைக்களத்துப் பணிப்பாளர் நாயகத்தோட அனுமதிப்பத்திரம் இல்லாம அதைத் தேடித் தோண்டினா குற்றம். வயரை நீட்டின மாதிரி அந்தச் சட்டத்தை நீட்டிச் சுருக்க ஏலாது.

மெஷின் வீணாப்போச்சேன்னு மூஞ்சியைத் தொங்கப்போடாத. இதே சாதி மெஷினை வச்சு வடக்கே முகமாலையில நம்ம தமிழ்ப் பொம்பளைக முட்டி போட்டுக் கண்ணிவெடி எடுத்திருக்காங்க. உனக்கும் ஒரு வேலை இருக்கு. லயத்துக்கு வர்ற பழைய இரும்புத் தண்ணிக் கொழா எந்தப் பக்கம் போகுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, எங்கயோ ஒழுகுது. பீவீசீ கொழான்னா மெஷின் பேசாது, இரும்புன்னா பேசும். கணக்கப்புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, இடுப்பில பெட்டியைக் கட்டிக்கிட்டு வா. கொழாவைக் கண்டுபிடிச்சுக் குடு. தண்ணி வந்தா லயமே உன்னை வாழ்த்தும். புதையல் வந்தா பொலிஸுதான் வரும்.